பல்கலைக்கழகப் பாடகர் குழு, இசைக்குழு: புதிதாகச் சேருபவர்களுக்கு

பருவம் தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில்தான் பெரும்பாலான மாணவர் குழுக்கள் ஆள் எடுக்கும். அதற்குப் பிறகு போய் நின்றால் "அடுத்த பருவம் வாருங்கள்" என்பார்கள். அதனால் வகுப்பு அட்டவணை கைக்கு வந்த அன்றே அதன் பக்கத்தில் குழுக்களின் ஆடிஷன் (ஆள் எடுக்கும் தேர்வு) நாள், வாராந்தர ஒத்திகை நேரம், கச்சேரி தேதி மூன்றையும் எழுதிவையுங்கள். கச்சேரி தேதியைத்தான் பலர் கேட்க மறந்துவிடுவார்கள். அது பெரும்பாலும் பருவத்தின் கடைசி வாரங்களில், அதாவது தேர்வை ஒட்டி வரும். ஆய்வக வகுப்போடு மோதும் ஒத்திகையை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்துச் சேராதீர்கள். மூன்றாவது வாரத்திலேயே அது உடைந்துவிடும்.

எந்தக் குழு உங்களுக்கு?

பெரிய பாடகர் குழு என்றால் 40 முதல் 100 பேர். ஒரே குரல் பகுதியில் பத்துப் பதினைந்து பேர் இருப்பதால், நோட்டேஷன் (தாளில் எழுதிய ஸ்வரக் குறிகள்) படிக்கத் தெரியாதவரும் பக்கத்தில் நிற்பவரின் குரலைப் பிடித்துக்கொண்டு ஒரு பருவத்தில் தேறிவிடலாம். ஆடிஷன் இல்லாமல் சேர்க்கும் குழுக்களும் இந்த வகையில்தான் அதிகம். வாத்தியமில்லாமல் பாடும் அகாபெல்லா குழுவில் 8 முதல் 16 பேர் இருப்பார்கள். ஒரு பகுதிக்கு இரண்டு மூன்று பேர், அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை.

வாத்தியக்காரர்களுக்கு ஆர்க்கெஸ்ட்ரா, ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும் மட்டும் உள்ள விண்ட் பேண்ட், ஜாஸ் பிக் பேண்ட், நாலைந்து பேர் கொண்ட சேம்பர் குழு என்று வகைகள் உண்டு. பிக் பேண்டின் வழக்கமான அமைப்பு 17 பேர்: 5 சாக்ஸபோன், 4 டிரம்பெட், 4 டிராம்போன், அதோடு பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ். ஒரு பகுதிக்கு ஒரே ஆள் என்பதால் ஒருவர் வராவிட்டால் அந்த ஸ்வரமே காணாமல் போகும். மார்ச்சிங் பேண்ட் தனி ரகம். 5 கஜ தூரத்தை 8 எட்டில், அதாவது எட்டுக்கு 22.5 அங்குலம் வீதம் நடந்துகொண்டே மனப்பாடமாக வாசிக்க வேண்டும். நுரையீரலைவிட முழங்கால்தான் முதலில் முறையிடும்.

கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் என்று ஒலிபெருக்கியோடு வாசிக்கும் சிறு குழுக்களில் நோட்டேஷன் அநேகமாக இருக்காது. பாட்டைக் கேட்டு, கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, எழுதிக்கொண்டு வர வேண்டும். காது நன்றாக வேலை செய்பவருக்கு இது எளிது. தாள் இல்லாமல் வாசித்தே பழகாதவருக்குக் கடினம்.

ஆளுக்கு அலையும் இடங்கள் எங்கும் ஒன்றுதான்: டெனார் (ஆண்களின் உயர்ந்த குரல்), வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஓபோவும் பசூனும் (ஊதுகருவிகள்), டபுள் பேஸ் (மிகப் பெரிய தந்திக்கருவி). சோப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்), புல்லாங்குழல், கிட்டார் மூன்றுக்கும் கூட்டம் அதிகம். நடுத்தரத் திறமையுள்ள வயலின்காரர் வயோலாவுக்கு மாறச் சம்மதித்தால், மூடியிருந்த கதவு திறப்பதை அடிக்கடி பார்க்கலாம். முதல் பருவத்தில் ஒரு குழு போதும். மூன்றில் சேர்ந்தவர் மூன்றிலும் பாதி ஒத்திகைக்குத்தான் வருவார்.

உங்கள் குரல் எது?

நான்கு பகுதிப் பாடகர் குழுவில் தேவைப்படும் எல்லைகள் ஏறத்தாழ இப்படி இருக்கும். சோப்ரானோ, மிடில் சி (பியானோவின் நடுவில் உள்ள சி) முதல் அதற்கு மேல் இரண்டாவது ஏ வரை. ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்), மிடில் சி-க்குக் கீழே உள்ள ஜி முதல் மேல் ஸ்தாயி டி வரை. டெனார், மிடில் சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி முதல் மிடில் சி-க்கு மேலுள்ள ஜி வரை. பாஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்), மிடில் சி-க்குக் கீழே இரண்டாவது ஈ முதல் மிடில் சி வரை. கட்டைக் கணக்கில் பழகியவர்களுக்கு: 1 கட்டை சி, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ.

கண்டுபிடிக்கும் முறை இது. காலையில் எழுந்தவுடன் பார்க்க வேண்டாம், அப்போது குரல் தாழ்ந்திருக்கும். கீபோர்டு செயலியைத் திறந்து, பேசும் சுருதிக்கு அருகில் ஒரு ஸ்வரத்தை எடுத்து, "நா" என்ற எழுத்தில் ஐந்து ஸ்வரம் ஏறி இறங்குங்கள். பிறகு அரைக் கட்டை மேலே நகர்த்தி மறுபடி. கழுத்து இறுகும் இடத்தையோ "ஆ" என்ற ஒலி வேறு நிறமாக மாறும் இடத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். இழுத்துப் பிடித்து எட்டும் கடைசிக் கீச்சு ஒலி கணக்கில் வராது. கீழ்ப்பக்கமும் அதே மாதிரி. எந்தப் பகுதியில் ஒரு மணி நேரம் நோகாமல் பாட முடியுமோ அதுவே உங்கள் பகுதி. பெரும்பாலோரின் குரல் நடுவில்தான் விழும். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதைக் குழுவின் தேவை பார்த்து நடத்துநர் முடிவு செய்வார். உயரம் எட்டாத ஒருவரை ஆள் குறைகிறதே என்று டெனாரில் நிறுத்தினால், அவர் தொண்டையும் கெடும், அந்த வரிசையே சுருதி இறங்கும். அப்படிக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

டெனார்கள் கவனிக்க: உங்கள் வரி பெரும்பாலும் ஜி கிளெஃபில் (வரியின் தொடக்கத்தில் உள்ள சுருள் குறி) எழுதப்பட்டு, அதன் அடியில் சிறியதாக 8 என்று இருக்கும். எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே பாட வேண்டும் என்று அர்த்தம்.

ஆடிஷன்

பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம். பாடகருக்கு ஸ்வர வரிசை, பியானோவில் வாசித்ததைத் திருப்பிப் பாடுதல், முன்பின் பார்க்காத சில வரிகள், தயார் செய்த ஒரு பாட்டின் ஒன்றிரண்டு நிமிடம். வாத்தியக்காரருக்கு ஒரு விளம்பப் பகுதி, ஒரு துரிதப் பகுதி, ஸ்கேல் (ஏறி இறங்கும் ஸ்வர வரிசை), பிறகு புதுத் தாளைப் பார்த்து வாசித்தல்.

தேர்வு செய்வதில் நடக்கும் பெரிய தவறு, எப்போதாவது ஒருநாள் சரியாக வரும் கடினமான உருப்படியை எடுத்துப் போவது. நடத்துநர் சாகசத்தைத் தேடுவதில்லை. சுருதி நிற்கிறதா, தாளம் ஓடாமல் இருக்கிறதா, சொன்னால் மாற்றிக்கொள்வாரா என்று பார்க்கிறார். "அதே இடத்தை இன்னும் மெதுவாக, மென்மையாகப் பாடுங்கள்" என்று கேட்பது அதற்குத்தான். அப்போது உண்மையிலேயே மாற்றிக் காட்டுங்கள். முதலில் பாடியதையே திரும்பப் பாடுபவர்கள்தான் பெரும்பாலும் வாய்ப்பை இழக்கிறார்கள்.

புதுத் தாளை நீட்டினால் உடனே தொடங்க வேண்டாம். அரை நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த அரை நிமிடத்தில் இந்த வரிசையில் பாருங்கள்:

1. எத்தனை ஷார்ப் (ஸ்வரத்தை அரைக் கட்டை ஏற்றும் குறி), எத்தனை ஃபிளாட் (அரைக் கட்டை இறக்கும் குறி).
2. ஒரு பாருக்கு (தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதி) எத்தனை அடி.
3. ஸ்வரங்கள் மிக நெருக்கமாக இருக்கும் பார் எது. அதை எந்த வேகத்தில் தாண்ட முடியுமோ அந்த வேகத்தில்தான் மொத்தத்தையும் தொடங்க வேண்டும்.
4. நடுவில் திடீரென்று வரும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்.

தொடங்கியபின் நிற்கக் கூடாது. ஸ்வரம் தவறினாலும் தாளத்தை விடாமல் அடுத்த பாரின் முதல் அடியில் ஏறிக்கொள்ளுங்கள். குழுவோடு வாசிக்கும்போது யாரும் உங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அதைத்தான் அங்கே சோதிக்கிறார்கள்.

டிரம்ஸ்காரர்கள் கைவரிசை காட்ட ஆசைப்படுவார்கள். மெட்ரோனோமோடு (சீராக அடி தட்டும் கருவி) இரண்டு நிமிடம் ஒரே தாளக்கட்டை அசையாமல் வாசித்துக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது. பேஸ் கிட்டார்காரர் கிக் டிரம்மோடு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒரே நொடியில் விழுகிறாரா என்று பார்ப்பார்கள்.

தேர்வாகவில்லையா? எந்தப் பகுதியில் ஆள் குறைகிறது, காத்திருப்போர் பட்டியல் உண்டா என்ற இரண்டையும் கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டாவது வாரத்தில் பலர் விலகுவார்கள்.

முதல் ஒத்திகை

கொண்டுபோக வேண்டியவை: 2பி பென்சில் இரண்டு, ரப்பர், கறுப்புக் கோப்பு, தண்ணீர். பேனா கூடாது, தாள் குழுவுக்குச் சொந்தமானது, குறிகளும் வாரா வாரம் மாறும். ஊதுகருவி என்றால் துடைக்கும் துணி, வால்வு எண்ணெய் அல்லது ஸ்லைடு கிரீஸ். கிளாரினெட், சாக்ஸபோன் என்றால் மூன்று நான்கு ரீடுகள் (வாய்ப்பக்கத்தில் அதிரும் மெல்லிய பட்டைகள்), அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒரே ரீடில் ஓடினால் கச்சேரிக்கு முந்தைய நாள் அது கைவிடும், புதியது வாய்க்குப் பழக நேரம் இருக்காது. தந்திக்கருவி என்றால் ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்), கூடுதல் தந்தி ஒரு செட். புதுத் தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டே சுருதி இறங்கும். அதனால் கச்சேரி நாளில் தந்தி மாற்றாதீர்கள்.

15 நிமிடம் முன்னதாகப் போங்கள். பார்களுக்கு எண் அச்சிடப்படாத தாள் என்றால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எண் போட்டுவிடுங்கள். "63-இல் இருந்து" என்று நடத்துநர் சொல்லும்போது தேடிக்கொண்டிருப்பவர் ஒவ்வொரு முறையும் நான்கு பார் தாமதமாகத்தான் சேருவார். மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு கமா, நடத்துநரைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிப் படம், சுருதி இறங்கும் இடத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. ஒரே தவறு இரண்டு முறை வந்தால் கட்டாயம் குறி வேண்டும்.

நடத்துநரின் கை இறங்கியவுடன் நிறுத்துவது, அடுத்த பகுதிக்குப் பயிற்சி நடக்கும்போது வாத்தியத்தைத் தொடாமல் இருப்பது, சந்தேகத்தை உங்கள் பகுதித் தலைவர் வழியாகக் கேட்பது என்ற மூன்று பழக்கங்களும் இருந்தால் உங்களை யாரும் புதியவர் என்று கண்டுபிடிக்க முடியாது.

சுருதி சேர்த்தல்

ஆர்க்கெஸ்ட்ராவில் ஓபோ தரும் ஏ ஸ்வரத்துக்கு எல்லோரும் சேருவார்கள். பொதுவான அளவு 440 ஹெர்ட்ஸ்; சில குழுக்கள் 442 வைத்துக்கொள்ளும், கேட்டுக்கொள்ளுங்கள். விண்ட் பேண்டில் பி ஃபிளாட்டுக்குச் சேருவது வழக்கம். இங்கேதான் புதியவர் தடுமாறுவார். "கான்சர்ட் பி ஃபிளாட்" என்று சொன்னால் புல்லாங்குழல், ஓபோ, டிராம்போன் பி ஃபிளாட்டையே வாசிக்கும். வழக்கமான பி ஃபிளாட் கிளாரினெட், டிரம்பெட், டெனார் சாக்ஸபோன் சி வாசிக்கும். ஆல்டோ சாக்ஸபோன் ஜி வாசிக்கும். எஃப் ஹார்ன் எஃப் வாசிக்கும். தாளில் வேறு வேறு ஸ்வரம், காதில் ஒரே ஒலி. உங்கள் வாத்தியத்துக்குரியதைக் கோப்பின் உள் அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

குளிர்ந்த ஊதுகருவி சுருதி தாழ்ந்து பேசும், சூடேறினால் ஏறும். தந்திக்கு நேர்மாறு. ஏசி அறையில் சேர்த்துவிட்டு விளக்கு வெப்பமுள்ள மேடைக்குப் போனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடும். அதனால் குறைந்தது ஐந்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகே சேருங்கள், மேடையில் மறுபடி சேருங்கள். டியூனர் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஒரு ஸ்வரம் சரியாகும், அடுத்தது தவறும். காதுதான் மீதியைச் செய்ய வேண்டும்.

வாத்தியம் இல்லாமல் பாடும் குழு நான்கு நிமிடத்தில் அரைக் கட்டை இறங்குவது சர்வ சாதாரணம். காரணங்கள் தெரிந்தால் பிடித்துவிடலாம். இறங்கும் படிகளை அளவுக்கு மீறிப் பெரிதாகவும், ஏறும் படிகளைச் சிறிதாகவும் பாடுவது முதல் காரணம். அடுத்தது, ஒரே ஸ்வரம் ஏழெட்டு முறை தொடர்ந்து வரும்போது ஒவ்வொன்றும் மயிரிழை தாழ்வது. மூச்சு தீர்ந்த பிறகும் சொல்லை முடித்துவிட இழுப்பதும் இறக்கும். இறங்கும்போது படி சின்னது, ஏறும்போது படி பெரியது என்று மனதில் வைத்துப் பாடிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் முழு உருப்படியையும் அரைக் கட்டை ஏற்றித் தொடங்கினால் பல சமயம் நின்றுவிடுகிறது. குரலின் நிறம் மாறும் இடம் பாட்டில் வேறு ஸ்வரத்துக்குத் தள்ளிப்போவதால் இப்படி நடக்கலாம்.

ராகம் பாடிப் பயின்றவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஸ்வரத்தை அசைக்காமல், கமகம் இல்லாமல் நேர்க்கோடாக நான்கு அடி பிடிப்பது அவர்களுக்குப் பழக்கமில்லாதது. ஆனால் மற்ற மூன்று குரல்கள் அந்த ஒரு கோட்டின் மேல்தான் நிற்கின்றன. தம்புரா செயலியை ஓடவிட்டு, ச, ப, மேல் ச மூன்றையும் தலா 15 வினாடி அசையாமல் பிடித்துப் பழகினால் இரண்டு வாரத்தில் வந்துவிடும்.

நீண்ட ஸ்வரத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் ஓட்டை விழும். பக்கத்திலிருப்பவர் எடுக்காத இடத்தில், அதுவும் சொல்லின் நடுவில் எடுங்கள். சத்தத்தைக் குறைத்து விலகி, குறைத்தே உள்ளே வாருங்கள். வரி முடிவில் "ஸ்" வந்தால் அதை எத்தனையாவது அடியில் சொல்வது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் நாற்பது நேரத்தில் "ஸ்" சொன்னால் பாம்புப் புற்றாகிவிடும். சில குழுக்களில் இரண்டு மூன்று பேர் மட்டும் அதைச் சொல்வார்கள், மற்றவர்கள் விட்டுவிடுவார்கள்.

இன்னொரு விஷயம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும். 10 மீட்டர் தள்ளி இருப்பவரின் ஒலி உங்களுக்குக் கிட்டத்தட்ட 30 மில்லிநொடி பிந்தி வரும். பின்வரிசை டிரம்ஸ் முன்வரிசையின் சத்தத்தைக் கேட்டு வாசித்தால், அந்தச் சத்தம் போகவும் தங்கள் அடி திரும்பி வரவும் சேர்ந்து தாமதம் இரட்டிப்பாகும். அதனால்தான் "கேட்காதே, கையைப் பார்" என்று பின்வரிசையிடம் சொல்வார்கள். சுருதியைக் காதால் பிடி, தாளத்தைக் கண்ணால் பிடி என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுப் பயிற்சி

உங்கள் பகுதியைக் கற்க வேண்டிய இடம் விடுதி அறை. ஒத்திகையில் மற்றவர் பகுதியோடு அதைப் பொருத்துகிறீர்கள். இரண்டு மணி நேர ஒத்திகையில் ஒருவர் ஸ்வரம் தேடிக்கொண்டிருந்தால் பத்துப் பேரின் நேரம் போகிறது. தினமும் 20 நிமிடம் போதும். முதலில் தாளத்தில் சொற்களை மட்டும் பேசுங்கள். அடுத்து "ல" என்று ஸ்வரங்கள், கடைசியாக இரண்டையும் சேருங்கள். கடினமான பாரை 60 சதவீத வேகத்தில் ஐந்து முறை தவறில்லாமல் முடித்த பிறகே வேகத்தைக் கூட்டுங்கள். உருப்படியின் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் முதல் பக்கத்தை நூறு முறை பாடுவார்கள், கடைசிப் பக்கம் கச்சேரி வரை பச்சையாகவே இருக்கும். உங்கள் பகுதியின் ஒலிப்பதிவோடு மட்டும் பாடிக்கொண்டிருந்தால் தெரிந்த மாதிரி ஒரு பிரமை வரும். மற்ற மூன்று பகுதிகளை ஓடவிட்டு உங்களுடையதைத் தனியே பாடிப் பாருங்கள். மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் தாளை ஏற்றி, ஒரு வரியை மட்டும் ஒலியில்லாமல் ஆக்கினால் இது முடியும்.

ஒலிபெருக்கியோடு வாசிப்பவர்களுக்கு

சின்ன அறையில் நடக்கும் வழக்கமான கூத்து: கிட்டார் கேட்கவில்லை என்று ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி) ஏறும், அதைத் தாண்ட டிரம்ஸ் ஏறும், பாடகருக்குத் தன் குரலே கேட்காது. மைக்கை ஏற்றினால் விசில். இதற்கு வழி, பெருக்காத டிரம்ஸை அளவுகோலாக வைப்பது. அதன் மேல் குரல் தெளிவாகக் கேட்கும் அளவு முதலில், பிறகு பேஸ், கடைசியில் கிட்டாரும் கீபோர்டும் குரலுக்குக் கீழே. கிட்டார் ஆம்பைத் தரையில் முழங்காலைப் பார்த்து வைக்காமல் நாற்காலியில் காதுக்கு நேராக வைத்தால், வாசிப்பவரே சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்.

விசில் ஏன் வருகிறது? ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மைக்குக்குள் போய் மறுபடி பெருகுவதால். முன்பக்க ஒலியை அதிகம் எடுக்கும் கார்டியாய்டு மைக்கின் பின்பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும்; அதனால் மானிட்டரை (உங்களைப் பார்த்து வைக்கும் மேடை ஸ்பீக்கர்) மைக்கின் வாலுக்கு நேரே வையுங்கள். அதைவிடக் குறுகிய கோணத்தில் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு என்றால் வாலிலிருந்து சற்றுப் பக்கவாட்டில். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க நன்றாக இருக்கலாம், ஆனால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு நாலாபக்கமும் கேட்கும் மைக்காக மாறி விசிலடிக்கும். வாயிலிருந்து 2 முதல் 5 செ.மீ. தூரம். அதைவிட நெருங்கினால் கீழ் ஸ்வரங்கள் குமுறும்.

கண்டன்சர் மைக்குக்கு மிக்ஸரில் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் மின்சாரம்) வேண்டும், சாதாரண டைனமிக் மைக்குக்கு வேண்டாம். சவுண்ட் செக் பொதுவாக கிக், ஸ்னேர் (கம்பி பொருத்திய சிறிய டிரம்), மீதி டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, குரல் என்ற வரிசையில் போகும். உங்கள் முறை வராதபோது வாசிக்காதீர்கள். கூடுதல் கேபிள் இரண்டு, 9 வோல்ட் பேட்டரி, தந்தி செட், பிளக் பட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். மேடையில் வரும் பாதிப் பிரச்சினைக்குக் காரணம் கேபிள்தான்.

காதுக்கு: 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பு எல்லை என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மூடிய அறையில் டிரம்ஸ் அந்த அளவைச் சுலபமாகத் தொடும். இசைக்காரர்களுக்கான காதடைப்பான் எல்லா அலைவரிசையையும் ஏறத்தாழ சமமாகக் குறைக்கும். பஞ்சு வகை மேல் ஸ்வரங்களைத் தின்றுவிடும், ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

நீங்களே குழு தொடங்கினால்

பாட்டு தேர்வதற்கு முன் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். டெனார் இல்லையென்றால் ஆண்களுக்கு ஒரே வரி உள்ள மூன்று பகுதி அமைப்புகளை எடுங்கள். பத்துப் பன்னிரண்டு ஒத்திகைக்கு 30 முதல் 40 நிமிட மேடைப் பாட்டு போதுமானது. அதில் ஒன்று முதல் நாளே பாடிவிடும் அளவுக்கு எளிதாக இருக்கட்டும்.

தாளை நகலெடுப்பதற்கு முன் உரிமை பாருங்கள். இசையமைப்பாளர் இறந்து 50, 60 அல்லது 70 ஆண்டு என்று நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். பழைய பாட்டாக இருந்தாலும் புதிய அமைப்பாளரின் பதிப்புக்குத் தனி உரிமை உண்டு. 1998-இல் தொடங்கிய கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரியிலும், 2006-இல் தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி தளத்திலும் இலவசத் தாள்கள் ஏராளம். அவற்றிலும் ஒவ்வொரு தாளின் உரிமக் குறிப்பைப் படிக்க வேண்டும்.

ஹெல்சின்கி மாணவர்களின் அகாடெமிஸ்கா சோங்ஃபோரெனிங்கன் 1838-இலும் ஹார்வர்டு கிளீ கிளப் 1858-இலும் தொடங்கி இன்றும் பாடுகின்றன. மூன்று நான்கு வருடத்தில் ஆட்களே முழுதும் மாறும் மாணவர் குழுவில் அது எளிதல்ல. நடத்துபவர், நிர்வாகி, தாள்காப்பாளர் என்று மூன்று பேர் தனித்தனியாக இருக்கட்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் அடுத்த ஆளை ஒரு பருவம் முன்பே கூட வைத்துப் பழக்குங்கள். அறை பதிவு யாரிடம், சாவி எங்கே, எத்தனை தாள், யாரிடம் வாத்தியம் என்பதெல்லாம் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். ஒருவர் கைப்பேசியில் மட்டும் இருந்தால் அவர் பட்டம் வாங்கும் அன்றே குழு முடிந்தது.

கச்சேரி வாரம்

கடைசி ஒத்திகையில் நிறுத்தாமல் முழுவதும் ஓட்டுங்கள். உள்ளே வருவது, வெளியே போவது, நாற்காலி நகர்த்துவது உட்பட. மேடைக் காலணியோடு நின்று பாருங்கள். நெடுநேரம் நிற்கும்போது முழங்காலைப் பின்னோக்கிப் பூட்டிக்கொண்டால் இரத்தம் காலில் தங்கி மயக்கம் வரும்; லேசாக மடக்கி, எடையைக் கால் மாற்றி நில்லுங்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் அப்படியே உட்காருங்கள்.

தொண்டை கட்டினால் ஒத்திகைக்கு வராமல் இருக்க வேண்டாம். பென்சிலோடு வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்து குறியெடுங்கள். காய்ச்சல் என்றால் மட்டும் அறையிலேயே இருங்கள்.

முடிந்த பிறகு வாத்தியத்தின் ஈரத்தைத் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். பென்சில் குறிகளை அழித்து, பக்கங்களை எண்ணி, தாளைத் தாள்காப்பாளரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். ஒரு பக்கம் தொலைந்த தாளுக்குப் பல இடங்களில் முழு விலையையும் கட்டச் சொல்வார்கள்.